முதலில் திரும்பி வரும் நாளைக் குறியுங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறேன். வயது 26. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. என்னிடம் இருப்பது மோடெனாஸ் பல்சர் என்.எஸ். 200 மோட்டார் சைக்கிள். அண்ணன் பெயரில் வாங்கியது, இன்னும் தவணை ஓடுகிறது. ஏப்ரலில் தாய்லாந்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் திருவிழாவான பூக்கெட் பைக் வீக் போக ரொம்ப நாள் ஆசை. ஈப்போவில் ஒரு குழு கான்வாயாகப் போகிறது, என்னையும் கூப்பிடுகிறார்கள். அவர்களுடையது எல்லாம் பெரிய மோட்டார். 10-ஆம் தேதி காலை இரவு ஷிப்ட் முடிந்து 7 மணிக்குக் கிளம்பினால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார்கள். 13-ஆம் தேதி மத்தியானம் அங்கிருந்து விட்டால் 14 விடியற்காலை வீடு. சித்திரை ஒன்றுக்கு வீட்டில் இல்லையென்றால் அம்மா பேசவே மாட்டார். அன்று இரவே வேலைக்கும் போய்விடலாம். என் 200 சிசி இவ்வளவு தூரம் தாங்குமா? இல்லை, கடன் எடுத்து 400 வாங்கிவிடட்டுமா?
— தோட்டத்துப் பையன், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, மோட்டாரைப் பற்றிய கவலையை முதலில் இறக்கி வையுங்கள். என்.எஸ். 200 தாங்கும். தண்ணீரில் குளிரும் எஞ்சின், 12 லிட்டர் டேங்க். 90-இல் நாள் முழுக்க ஓட்டினாலும் முனகாது. என் அப்பா பால்மரம் சீவப் போன காலத்தில் ஒரு பழைய ஹோண்டா கப்பின் இரண்டு பக்கமும் பால் டின்னைக் கட்டிக்கொண்டு செம்மண் ரோட்டில் வருஷக்கணக்காக ஓட்டினார். அந்த 70 சிசி தாங்கியதை உங்கள் 200 தாங்காதா? இந்த ஊரில் 28 வருஷமாக வர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். தூரப் பயணம் போய் மோட்டார் நின்றுபோனது என்று வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தூங்கி விழுந்தேன் என்று வளைந்த ஹேண்டிலோடு வந்தவர்கள்தான் அதிகம்.

400 யோசனையை விடுங்கள். என்ன லைசன்ஸ் என்று நீங்கள் எழுதவில்லை. பி2 என்றால் 250 சிசி வரைதான். 400-க்கு பி1 வேண்டும், 500-க்கு மேல் போனால் முழு பி. பி2-வை வைத்துக்கொண்டு 400 ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் காப்புறுதிக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள். ஒரு திருவிழாவுக்காக ஐந்து வருஷக் கடன் தேவையா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் கணக்கில்தான். போட்டுப் பார்ப்போம். நம்ம ஊரிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை ஏறக்குறைய 270 கிலோமீட்டர். அங்கிருந்து தாய்லாந்துக்குள் ஹாட்யாய் நகரம் இன்னொரு 60. ஹாட்யாயிலிருந்து பூக்கெட் 450-க்கு மேல். மொத்தம் 800 என்று வையுங்கள். மீட்டர் 90 காட்டினாலும் எண்ணெய் ஊற்ற, ஒன்றுக்குப் போக, சாப்பிட என்று நின்று நின்று போனால் சராசரி 60-தான் வரும். அதாவது 13 மணி நேரம். எல்லையில் ஒரு மணி நேரம், கூட்டமாக இருந்தால் இரண்டு. காலை 7-க்குக் கிளம்பினால் போய்ச் சேர இரவு 10 ஆகிவிடும். முந்தின நாள் மாலை 4 மணிக்கே இரவு ஷிப்ட்டுக்காக எழுந்த ஆள் நீங்கள். பூக்கெட்டில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது 30 மணி நேரம் கண் மூடாமல் இருந்திருப்பீர்கள். கடைசி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருட்டில், பழக்கமில்லாத ரோட்டில்.

திரும்பி வரும் கணக்கு இதைவிட மோசம். மூன்று நாள் வெயிலும் கூத்துமாக இருந்துவிட்டு, மத்தியானம் கிளம்பி, ராத்திரி பத்து மணிவாக்கில் எல்லையைத் தாண்டி, மிச்சம் 270 கிலோமீட்டரை நடுச்சாமத்தில் ஓட்டப் போகிறீர்கள். போகும் நாளைப் பற்றி எல்லாரும் ஒரு மாதம் பேசுவார்கள். வருவதைப் பற்றிக் கேட்டால், “அது தெரிஞ்ச ரோடுதானே!”

நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். தாய்லாந்துப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு ஞாயிறு இரவு திரும்பினேன், திங்கள் கடை திறக்க வேண்டும் என்று. குனுங் செமாங்கோல் தாண்டியது நினைவிருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன், தூக்கம் வராமலிருக்க. எந்த வரியில் பாட்டு நின்றது என்று தெரியாது. ஓரக்கோட்டின் மேல் டயர் தடதடவென்று அடித்த சத்தத்தில் கண்ணைத் திறந்தால், இடது பக்க இரும்புத் தடுப்பு கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படித் திருப்பினேனோ. மழைக்கு மோட்டார்க்காரர்கள் ஒதுங்க மேம்பாலத்துக்குக் கீழே கொட்டகை கட்டி வைத்திருப்பார்கள் இல்லையா, அதில் போய் சிமெண்டுத் தரையில் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்து விடியும் வரை தூங்கினேன். அன்றைக்கு மழையே இல்லை. கடை பத்தரைக்குத்தான் திறந்தது. ஒரு வாடிக்கையாளர் திட்டினார், அவ்வளவுதான் நஷ்டம்.

அதனால் காலண்டரை எடுங்கள். முதலில் திரும்பி வரும் நாளைக் குறியுங்கள். சித்திரை ஒன்று 14. அதற்கு முந்தின நாள், 13 மத்தியானம் 3 மணிக்கு நீங்கள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியென்றால் 12 இரவு ஹாட்யாயில் தூக்கம். 12 விடியற்காலை பூக்கெட்டிலிருந்து புறப்பாடு. 11 முழு நாளும் விழா. 10 பிற்பகல் பூக்கெட் போய்ச் சேர்வது. 9 விடியற்காலை வீட்டிலிருந்து கிளம்பி மத்தியானத்துக்குள் ஹாட்யாய். 8 காலை இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் அன்றைக்கு வேறு வேலை வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். இதற்கு நீங்கள் நினைத்ததைவிட இரண்டு நாள் லீவு கூட வேண்டும். இப்போதே போய்க் கேளுங்கள், ஏப்ரல் பிறந்தபிறகு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். விழாத் தேதி வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முன்னே பின்னே நகரும். அறிவிப்பைப் பார்த்து நீங்களும் நகர்த்திக்கொள்ளுங்கள். இடம் போதவில்லையென்றால் பூக்கெட்டில் ஒரு இரவை வெட்டுங்கள், ஹாட்யாய் தூக்கத்தில் கை வைக்காதீர்கள். ஒன்றரை நாள் விழா போதுமா என்பீர்கள். மோட்டார் வரிசையைச் சுற்றிப் பார்க்க, படம் எடுக்க, பாட்டுக் கேட்க அது தாராளம். மூன்றாம் நாள் பத்தோங் கடற்கரையில் வெயிலும் செலவும்தான் மிஞ்சும், என் அபிப்பிராயம் அது.

இன்னொரு லாபமும் இதில் இருக்கிறது. 13-இலிருந்து 15 வரை அங்கே சொங்க்ரான். நம்ம சங்கராந்திதான் அந்தப் பெயரில் இருக்கிறது. சூரியன் மேஷத்துக்குள் நுழையும் அதே கணக்கு. நாம் கோயிலுக்குப் போகிறோம், அவர்கள் தண்ணீரை ஊற்றுகிறார்கள். ரோட்டோரம் பீப்பாயில் ஐஸ் தண்ணீரோடு பிள்ளைகள் நிற்பார்கள். 60-இல் வரும் உங்கள் நெஞ்சில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெள்ளை மாவுக் குழம்பை வேறு பூசுவார்கள், ஹெல்மெட் கண்ணாடியில் பட்டால் வழி மறைந்துவிடும். சொங்க்ரானை ஒட்டிய ஒரு வாரத்தை ‘ஆபத்தான ஏழு நாட்கள்’ என்றே பெயர் வைத்து தாய்லாந்து அரசாங்கம் தினமும் விபத்துக் கணக்கை வெளியிடுகிறது. அந்த விபத்துகளில் பெரும்பகுதி மோட்டார் சைக்கிள். நீங்கள் முதலில் போட்ட திட்டப்படி 13 மத்தியானம் பூக்கெட்டை விட்டால் தண்ணீர் விளையாட்டின் உச்சத்தில் ரோட்டில் இருப்பீர்கள். தேதி எப்படியோ மாறி மாட்டிக்கொண்டால் பொழுது விடியும்போதே கிளம்பிவிடுங்கள். வாளிக்காரர்கள் பத்து மணிக்கு முன்னால் எழமாட்டார்கள்.

அப்புறம் அந்த ஈப்போ குழு. கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஆயிரம் சிசிக்காரருக்கு 120 நடைப்பயிற்சி மாதிரி, உங்களுக்கு அது எஞ்சினைப் பிழிவது. நெடுஞ்சாலையில் வரம்பே 110-தான். கான்வாய் என்பது ரப்பர் நாடா மாதிரி. தலையில் போகிறவர் 100-இல் போனால், வாலில் இருப்பவர் விட்ட இடைவெளியைப் பிடிக்க 120 அடிக்க வேண்டிவரும். சின்ன மோட்டாரைத் தலைவருக்கு அடுத்து விட்டு, அதன் வேகத்துக்கு எல்லாரும் போவதுதான் அனுபவமுள்ள குழுவின் வழக்கம். அவர்களிடம் இதை நேராகக் கேளுங்கள். ‘பார்த்துக்கலாம் தம்பி’ என்று பதில் வந்தால் தனியாகப் போங்கள், ஹாட்யாயில் சேர்ந்துகொள்ளலாம். தனியாகப் போவதில் அவமானம் ஒன்றுமில்லை. குழுவோடு போனால், ஒருவர் பின்னால் ஒருவர் ஒரே கோட்டில் ஒட்டிக்கொண்டு போகாமல் இடம் வலமாக மாறி மாறி நில்லுங்கள். உங்களுக்கு நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் இரண்டு விநாடி இடைவெளி.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ‘அண்ணன் பெயரில், தவணை ஓடுகிறது’ என்ற வரிதான். போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் காலை 9 மணிக்கே எல்லைக்குப் போய்விட்டார். மோட்டார் மாமனார் பெயரில், கடிதம் கையில் இல்லை. சுங்க கவுண்டரில் கிரானை, அதாவது மோட்டாரின் உரிமைச் சான்றிதழை, புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எல்லைக்கு முந்தின ஊரான சங்லூனில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வீடு திரும்பினார். 540 கிலோமீட்டர், ஒரு டீக்கு. உங்களுக்கு இரண்டு கடிதம் வேண்டும். அண்ணனிடமிருந்து, மோட்டாரைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோக அனுமதிக்கிறேன் என்று, மோட்டார் எண், தேதி, உங்கள் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண் எல்லாம் போட்டு ஆங்கிலத்தில். அவருடைய அடையாள அட்டை நகலோடு. சத்தியப் பிரமாண ஆணையர் முத்திரை இருந்தால் கேள்வி குறையும். இன்னொன்று கடன் கொடுத்தவர்களிடமிருந்து. அவர்கள் கொடுக்க நாளாகும், மார்ச் முதல் வாரத்துக்குள் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கிரானையும் சாலை வரியையும் காகிதமாக எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே 2023-இலிருந்து சாலை வரியைக் கைப்பேசியில் காட்டினால் போதும், அங்கே கவுண்டரில் இருப்பவருக்குத் தாள் வேண்டும். லைசன்ஸைப் பொறுத்தவரை நம்முடையது ஆசியான் நாடுகளுக்கிடையே 1985-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி அங்கே செல்லும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குப் போகும் வெளிநாட்டவர் எல்லாரும் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேருவதற்கு முந்தின 3 நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கிற தளம் கண்ணில் பட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். மோட்டாருக்குச் சுங்கத்தில் ஒரு தாள் தருவார்கள், அதைத் திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும். ஜாக்கெட் பையில் வைத்து வியர்வையில் கூழாக்கிவிடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

காப்புறுதியில் பலர் ஏமாறுகிறார்கள். எல்லையில் விற்கும் தாய்லாந்துக் கட்டாயக் காப்புறுதி இல்லாமல் உள்ளே போக முடியாது. விலை சொற்பம்தான். ஆனால் அது ஆளுக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிருக்கும் மட்டும்தான். நீங்கள் இடித்த காருக்கோ உங்கள் மோட்டாருக்கோ ஒரு காசு வராது. இங்கே உள்ள உங்கள் பாலிசியைக் கூடுதல் பிரீமியம் கட்டித் தாய்லாந்துக்கு நீட்டிக்க முடியுமா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள். பயணக் காப்புறுதி தனியாக எடுங்கள். எடுக்கும்போது, மோட்டார் ஓட்டினால் செல்லுமா, எத்தனை சிசி வரை செல்லும் என்று பாருங்கள். விமானத்தில் போகிறவரை மனதில் வைத்து எழுதிய பாலிசிதான் பாதிக்கு மேல்.

மோட்டாருக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. போன மாதம் ஒருவர் பின் டயர் புதுசு மாதிரி இருக்கிறது என்று பெருமையாகக் கொண்டுவந்தார். பள்ளம் நிறைய இருந்தது. நகத்தால் அந்தப் பள்ளத்தை விரித்துப் பார்த்தால், அடியில் நெல் அறுத்த வயல் வெடிப்பு மாதிரி கோடு கோடாக விரிசல். ஆலை வாசலில் வெயிலில் ஆறு வருஷம் நின்ற டயர். உங்கள் மோட்டாரும் ஆலை வாசலில்தான் நிற்கிறது. ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

செயினைப் பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் தொங்கினால் எண்ணெய் விட்டுப் பயனில்லை, செட்டோடு மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும், எஞ்சின் சூடாக இருக்கும்போது, செயின் எண்ணெய் அடியுங்கள். பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடலாம். புது கிளட்ச் கேபிள் ஒன்றை வாங்கி, இப்போது இருப்பதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டி வையுங்கள். வழியில் அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் முடிந்தது, டேங்கைக் கழற்ற வேண்டாம். டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஒரு பிளக், உருகுகம்பி நாலு. இதற்கு மேல் ஸ்பேனரைச் சுமக்காதீர்கள். தாய்லாந்தின் தெற்கில் எந்தச் சின்ன ஊரிலும் மோட்டார் பழுதுபார்ப்பவர் இருப்பார், என்னைவிட வேகமாகச் செய்வார்.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். ஜாக்கெட்டை நேராகப் போடுங்கள். நம்ம ஊரில் எல்லாரும் முன்பக்கம் காற்று புகாமலிருக்க முதுகில் ஜிப் வைத்துத் திருப்பிப் போடுகிறோம், தோட்டத்திலிருந்து டவுனுக்கு அது சரி. 800 கிலோமீட்டருக்கு அது படபடவென்று அடித்து ஆளை அசத்திவிடும்.

வழியில் கோல கங்சாரில் நெடுஞ்சாலை ஏறுங்கள். தைப்பிங் பக்கம் மழை நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் பிற்பகல் இடிமழை வேறு. அதனால்தான் விடியற்காலை கிளம்பச் சொல்கிறேன். உங்கள் மோட்டாரைச் செய்த ஆலை இருக்கும் குருனைத் தாண்டித்தான் போவீர்கள், ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போங்கள். எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதனால் குழப்பமில்லை. குழப்பம் யூ-டர்னில். நாலு வழிச் சாலையின் நடுத்திட்டில் வழி விட்டிருப்பார்கள். அங்கிருந்து ஒரு பிக்கப் வண்டி மெதுவாகத் திரும்பி, வேகமாக வரும் வலது தடத்தில் தலையை நீட்டும். வலது ஓரத்தை ஒட்டியே ஓட்டாதீர்கள். இடது ஓரத்தில் பக்கவண்டி கட்டிய மோட்டார்கள், பல நேரம் எதிர்த்திசையில், அடுப்பும் கோழியுமாக வரும். பத்தலுங்குக்கும் திராங்குக்கும் நடுவே மலை வளைவு, அங்கே அவசரம் வேண்டாம். திராங்கில் காலைப் பசியாறலாம், சீனர் கடை டிம்சம்முக்குப் பெயர்போன ஊர். எண்ணெய் ஊற்றும்போது 95 என்று எழுதிய கேசஹோல், அதாவது எத்தனால் கலந்த பெட்ரோல், கேளுங்கள். இ85 என்று இருப்பது மலிவாக இருக்கும், அது உங்கள் மோட்டாருக்கு ஆகாது. 250 கிலோமீட்டர் ஓடியதும் முதல் பம்பிலேயே நிரப்பிவிடுங்கள்.

விழாவில் யாராவது பிஸ்கட், மிட்டாய் என்று நீட்டினால் வாங்கிச் சாப்பிடாதீர்கள். 2022-இல் அங்கே கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 2025-இல் மறுபடி மருத்துவச் சீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே சட்டம் எப்படி மாறினாலும், திரும்பும்போது நம்ம எல்லையில் சிறுநீர்ச் சோதனைக்கு நிறுத்தலாம். பாசிட்டிவ் என்றால் அங்கே சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. வேலையும் போகும்.

அம்மாவிடம் தேதி போட்ட தாளைக் காட்டுங்கள். 13 சாயங்காலம் வந்துவிடுவேன் என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார், ஹாட்யாய் விடுதியின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். இரண்டு இரவும் அங்கிருந்து ஒரு போன்.

மார்ச் கடைசி வாரம் மோட்டாரைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். டயரும் செயினும் போடுவதென்றால் அப்போதே போட்டு, ஆலைக்கும் வீட்டுக்கும் ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டிப் பழகிவிடலாம். முதல் நாள் மாற்றி மறுநாள் கிளம்பும் வேலை வேண்டாம், புது டயர் வழுக்கும். வெள்ளிக்கிழமை வராதீர்கள், மத்தியானமே சாத்திவிடுவேன். வரும்போது அண்ணனையும் அழைத்து வாருங்கள், கடிதத்தை இங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.